ஒட்டுக்கு மேலா, கீழா

எல்சா, டெக்சாஸ்
1983 டிசம்பர் 12

ஓஃபேலியா,

உன் கடிதம் வந்தது. "அன்புள்ள அக்காவுக்கு" என்று ஆரம்பித்து, அடுத்த வரியிலேயே தோப்பை விற்றுவிடலாம் என்கிறாய். நடுவில் "எப்படி இருக்கே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சிகாகோவில் மை தீர்ந்து போயிருக்குமா?

இதை நானே எழுதுகிறேன். "நான் எழுதித் தரேன் பாட்டி" என்று பேத்தி மரிபெல் வந்தாள். வேண்டாம் என்றேன். நான் திட்டுகிற இடத்தையெல்லாம் அவள் நைசாக விட்டுவிடுவாள். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. திட்டுவதற்கு அது போதும்.

தோப்பை விலைக்குக் கேட்கிற அந்த ஹாட்லி என்னிடமும் வந்தான். தலையில் தொப்பி, வாயில் சூயிங்கம். "அம்மா, வடக்கே வயசானவங்க குளிருக்குப் பயந்து நம்ம பக்கம் வர்றாங்க. உங்க தோப்பை அழிச்சுட்டு அவங்க டிரெய்லர் வீடுங்களை நிறுத்துனா ஆரஞ்சைவிட நல்ல வரும்படி" என்றான். "நிறுத்திட்டு? அவங்க மேல ஆரஞ்சு காய்க்குமா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஐம்பத்தொன்றில் குளிர் வந்து தோப்பு செத்தது. அப்பா மறுபடி நட்டார். அறுபத்திரண்டில் மறுபடி செத்தது. பட்டை காய்வதற்கு முன்னாலேயே நீயும் உன் வீட்டுக்காரரும் லாரி ஏறி வடக்கே போய்விட்டீர்கள். இன்றைக்கு நிற்கிற மரம் ஒவ்வொன்றுக்கும் குழி வெட்டியவர்கள் நானும் செத்துப்போன என் வீட்டுக்காரர் எவரார்டோவும். அறுபத்தேழில் அப்பாவையே புதைத்தோம். அதற்கும் நீ வரவில்லை. "பனி ரோட்டை மூடிடுச்சு" என்று தந்தி கொடுத்தாய். பனியாம். அப்பாவை விடவா பனி?

பத்திரத்தில் உன் பேரும் இருக்கிறது, தெரியும். நான் கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது, அதுவும் தெரியும். போட மாட்டேன்.

ஹெர்லிண்டா

•

சிகாகோ
1983 டிசம்பர் 18

அக்கா,

எப்படி இருக்கே? (முதல் வரியிலேயே கேட்டாச்சு. திருப்தியா?)

சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். இங்கே குளிர் எலும்பை உடைக்கிறது. இது அப்படியே தெற்கே இறங்குமாம், கிறிஸ்துமஸுக்கு உங்கள் பக்கம் வந்துவிடுமாம், ரேடியோவில் சொன்னார்கள். நீ "குளிர்" என்று சொல்கிற நாளில் நாங்கள் ஜன்னலைத் திறந்து வைப்போம். அதனால் உனக்கு இது தெரியாது. கோபப்படாமல் படி.

குழாயைச் சொட்டுச் சொட்டாக ஓடவிடு, மூடினால் உறைந்து வெடிக்கும். வெளியே தெரிகிற குழாய்க்கெல்லாம் கந்தல் சுற்று. காலுக்கு இரண்டு சாக்ஸ், செருப்புக்குள் செய்தித்தாள். எல்லோரும் ஒரே அறையில் படுங்கள். முக்கியமானது, வீட்டுக்குள் கரி மூட்டினால் ஜன்னலை ஒரு விரல் திறந்து வை. எங்கள் தெருவில் போன வருஷம் ஒரு குடும்பமே தூக்கத்தில் போய்விட்டது.

மரத்தை விடு. உன்னைப் பார்.

அறுபத்தேழில் பஸ்ஸெல்லாம் கூரை வரை பனிக்குள் நின்றன. கதவைத் திறக்கவே இவர் வாணலியால் தோண்டினார். இதைப் பதினாறு வருஷமாகச் சொல்கிறேன். ஒரு தடவையாவது காதில் வாங்கு.

விற்கச் சொல்வது ஆசையால் இல்லை. எனக்குக் காரணம் இருக்கிறது.

ஓஃபேலியா

•

எல்சா
1983 டிசம்பர் 29

ஓஃபேலியா,

உயிரோடு இருக்கிறோம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் காற்று வடக்கேயிருந்து வீச ஆரம்பித்தது. பக்கத்துத் தோப்பு சிப்ரியானோ வேலியோரம் வந்து மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தார். "கொமாத்ரே, தாயி, இது வாடை இல்ல, எமன். பறிக்கிறதைப் பறிச்சிடுங்க" என்றார். விரல் மடங்காமல் போகும் வரை பறித்தோம். பிறகு வீட்டை ஒட்டி இருக்கிற சின்னக் கன்று வரிசைக்கு மண் அணைத்தோம், ஒட்டுப் போட்ட இடம் மறைகிற மட்டும். முடித்துவிட்டுப் பார்த்தால் வரிசையாகப் புதைகுழி மாதிரி இருந்தது. மரிபெல் சிலுவை போட்டுக்கொண்டாள். "எதுக்குடி? இது புதைக்கிறது இல்ல, போத்திவிடுறது" என்றேன்.

பெரிய மரங்களுக்கு அப்படி அணைக்க முடியாது. வாய்க்காலைத் திறந்து தோப்பு முழுக்கத் தண்ணீர் விட்டேன், தண்ணீரில் கொஞ்சம் சூடு இருக்கும் என்று. சிப்ரியானோ பழைய டயர்களைக் கொளுத்தினார். விடிந்து பார்த்தால் தண்ணீர் கண்ணாடி. அதன் மேல் என் சேவல் சறுக்கி விழுந்து, எழுந்து, அவமானத்தில் கூவவே இல்லை. கிளைகள் பீங்கான் தட்டு உடைகிற சத்தத்தோடு முறிந்தன.

நம் வீட்டுப் பலகைச் சுவர் உனக்குத் தெரியும், இடுக்கில் விரல் போகும். ஜன்னலுக்கெல்லாம் ரஜாய் வைத்து ஆணி அடித்தேன். கோழிகளைக் குளியல் தொட்டியில் விட்டேன். கரண்ட் போய்விட்டது. போகட்டும், தமாலே வேகக் கரண்ட் எதற்கு? சமையலறையில் பெரிய அண்டாவை ஏற்றி, எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து சோளத்தோலில் மாவு தடவினோம். எங்களுக்கு அதுதான் கிறிஸ்துமஸ், அதுதான் கணப்பும்.

அப்போது கதவைத் தட்டினார்கள். யார் என்று நினைக்கிறாய்? ஹாட்லியின் ஆட்கள். குளிருக்குப் பயந்து வடக்கேயிருந்து ஓடிவந்த கிழவன் கிழவிகள். ஹாட்லி ஏற்கெனவே நிறுத்தி வைத்திருக்கிற டிரெய்லர்களில் குழாயெல்லாம் வெடித்து, உள்ளே பனிக்கட்டி. மினசோட்டாக்காரி ஒருத்தி, லிண்ட்க்விஸ்ட் அம்மாள், தலையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குல்லாய். "இங்க எப்பவும் வெயிலுன்னு எங்களுக்கு எழுதிக் கொடுத்தாங்க!" என்று அழுகிறாள், மரிபெல் மொழிபெயர்க்கிறாள். "எழுதிக் கொடுத்தவனைக் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றேன். எவரார்டோவின் கம்பளிச் சாக்ஸை அவளுக்குக் கொடுத்து, மாவு தடவ உட்கார வைத்தேன். சுவருக்குச் சாந்து பூசுகிற மாதிரி தடவினாள். அதையும் தின்றோம்.

எழுதிக் கொடுத்தவனும் வந்தான், தன் ஆட்களைத் தேடிக்கொண்டு. "தொப்பியைக் கழட்டு. விறகு தீரப்போகுது, போய் அள்ளிட்டு வா" என்றேன். அள்ளிக்கொண்டு வந்தான்.

ஜன்னலை ஒரு விரல் திறந்துதான் வைத்திருந்தேன். சிப்ரியானோ சொன்னதற்காக. நீ சொன்னதற்காக இல்லை.

பூசைக்குப் பாதிரியார் வரவில்லை. ரோடெல்லாம் பனிக்கட்டி, கார்கள் வாய்க்காலில் கவிழ்ந்து கிடந்தன. ரோடு மூடிவிட்டது என்று கேட்டதும் உன் ஞாபகம் வந்தது. வந்தது, அவ்வளவுதான். அறுபத்தேழு அறுபத்தேழுதான்.

மரத்து இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்குகிறது. செத்ததா இல்லையா என்று மரமே சொல்லட்டும். ஹாட்லி சொல்ல வேண்டாம். நீயும் சொல்ல வேண்டாம்.

ஹெர்லிண்டா

•

சிகாகோ
1984 ஜனவரி 9

அக்கா,

நீங்கள் எல்லோரும் பிழைத்ததில் எனக்கு நிம்மதி. தபால்காரர் மதியம் கொண்டுவந்து கொடுத்ததும் இவரே உரக்கப் படித்தார். சேவல் வந்த இடத்தில் படிக்க முடியாமல் சிரித்தார்.

ஹாட்லி எனக்கும் எழுதியிருக்கிறான். தோப்பு முழுக்கச் செத்துவிட்டது, வெறும் மண்ணாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். செத்த மரத்தை வைத்துக்கொண்டு யாரிடம் வீறாப்புக் காட்டுகிறாய்?

சரி, நியாயமாகவே பேசுவோம். மார்ச் முடிவதற்குள் பெரிய மரங்கள் பச்சை விட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். சாகும் வரைக்கும் விற்பனைப் பேச்சை எடுக்க மாட்டேன். விடாவிட்டால் நீ கையெழுத்துப் போட வேண்டும். மண்ணுக்குள் போர்த்தி வைத்திருக்கிறாயே, அந்தக் கன்று வரிசை இதில் சேராது. பெரிய மரங்கள் மட்டும். உன்னை எனக்குத் தெரியும்.

ஓஃபேலியா

•

எல்சா
1984 ஜனவரி 20

ஓஃபேலியா,

சம்மதம். மாதா மேல் ஆணையாகச் சம்மதம்.

ஊர் முழுக்க அழுகிய ஆரஞ்சு நாற்றம். துணி காயப்போட்டால் துணியிலும் அதே நாற்றம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ரம்பத்தை எடுத்துவிட்டார்கள். நான் என் தோப்பில் ரம்பம் வைக்க விடவில்லை. தினமும் காலையில் போய் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்க்கிறேன். அடியில் பச்சை தெரிகிறது. மேலே போகப் போகக் காப்பிப்பொடி நிறம்.

ஹாட்லி வேலிக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்தி, "இன்னுமா அம்மா?" என்று கேட்கிறான். "ஒனக்குத் தலையில முடி வளரும்போது சொல்லி அனுப்புறேன்" என்றேன். இப்போதெல்லாம் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுகிறான், அதனால்தான் வழுக்கை தெரிந்தது.

ஒன்று கேட்கிறேன். மதியத் தபாலை உன் வீட்டுக்காரர் எப்படிப் படித்தார்? இரும்பாலையில் மதியம் வீட்டுக்கு அனுப்புகிறார்களா?

ஹெர்லிண்டா

•

எல்சா
1984 மார்ச் 6

ஓஃபேலியா!

விட்டுவிட்டது! பெரிய மரங்கள் பச்சை விட்டுவிட்டன! ஒன்றிரண்டு இல்லை, வரிசை வரிசையாக. காலையில் பார்த்ததும் கத்தினேன், மரிபெல் பாம்பு என்று நினைத்து மண்வெட்டியோடு ஓடிவந்தாள். தெருவையே கூப்பிட்டுச் சோறு போட்டேன். சிப்ரியானோ குடித்துவிட்டு ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு பாடினார்.

வாயை மூடிக்கொள்கிறேன் என்றாயே. மூடு.

ஹெர்லிண்டா

•

சிகாகோ
1984 மார்ச் 12

அக்கா,

மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி.

பச்சை எங்கே விட்டது? ஒட்டுக்கு மேலா, கீழா?

நம் மரம் ஒவ்வொன்றும் இரண்டு மரம் என்பதை மறந்துவிட்டாயா? அடியில் இருப்பது புளிப்பு நாரத்தை, எந்தக் குளிரையும் தாங்கும். அதன் மேல் ஒட்டியதுதான் நம் ஆரஞ்சு. மேலே இருந்து புதுத் தளிராகச் சிம்பு வந்தால் நம் மரம் பிழைத்தது. கீழே இருந்து வந்தால் நாரத்தை முளைக்கிறது, ஆரஞ்சு செத்துவிட்டது.

ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்து எழுது.

ஓஃபேலியா

•

எல்சா
1984 மார்ச் 17

ஓஃபேலியா,

கீழே.

உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே தோப்புக்குள் போனேன். சேற்றில் மண்டி போட்டு ஒவ்வொரு மரத்தடியாகப் பார்த்தேன். எல்லாம் கீழே. முள் நீளமாக இருக்கிறது. கசக்கினால் நம் இலை வாசனை இல்லை, மூக்கைக் குத்துகிறது.

இவ்வளவு வருஷம் தோப்பில் கிடந்தவள் எப்படிப் பார்க்காமல் போனாய் என்று கேட்பாய். அறுபத்திரண்டில் அப்பா பொறுக்கவில்லை, மரங்களைச் சங்கிலி போட்டுப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக நட்டார். செத்த மரம் திரும்பி வருவதை நான் என் வாழ்நாளில் பார்த்ததே கிடையாது. பச்சையைப் பார்த்தேன், கத்தினேன். சிப்ரியானோவும்தான் பார்க்கவில்லை, அவர் கட்டிக்கொண்டு பாடியது ஒரு நாரத்தையை. இதைச் சொன்னதும் இரண்டு நாள் வேலிப்பக்கமே வரவில்லை.

பேத்தி எழுதியிருந்தால் "மேலே" என்று எழுதியிருப்பாள், என் மேல் பாசத்தில். நீ அங்கேயிருந்து வந்தா பார்க்கப் போகிறாய்? ஆனால் பொய் சொல்லி உன்னிடம் ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை. உன்னிடம் நேராகவே அடாவடி பண்ணுவேன்.

பந்தயத்தில் நீ ஜெயித்துவிட்டாய். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆணை இட்டேன், ஆமாம். மாதாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவளுக்கும் தோப்பு வைத்திருந்த சொந்தக்காரர்கள் இருந்திருப்பார்கள். நீ வேண்டுமானால் வழக்குப் போடு. நீதிபதி வந்து என் சமையலறையில் உட்காரட்டும், அவனுக்கும் விறகு அள்ளுகிற வேலை வைத்திருக்கிறேன்.

ஹெர்லிண்டா

•

சிகாகோ
1984 மார்ச் 23

அக்கா,

நீ வார்த்தை தவறுவாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு தைரியமாக எழுதிவைத்துத் தவறுவாய் என்று தெரியாது.

மதியத் தபாலை இவர் எப்படிப் படித்தார் என்று கேட்டாயே, சொல்கிறேன். இரும்பாலையில் இவரை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆலையே பாதி மூடிவிட்டார்கள். வீட்டைச் சூடாக்குகிற பாய்லர் இலையுதிர் காலத்தில் செத்தது. சரிபண்ண வழியில்லை. இந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் வாழ்ந்தோம். கட்டிலை அங்கே இழுத்துப் போட்டு, வாசலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, ஒரு சின்ன மின்சார ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு. படுக்கையறையில் நான் மறந்து வைத்த தம்ளரில் தண்ணீர் உறைந்து தம்ளரே விரிசல் விட்டது. கந்தல் சுற்று, செருப்புக்குள் பேப்பர் வை, ஒரே அறையில் படு என்று உனக்குப் பாடம் எடுத்தேனே, அதையெல்லாம் வேடிக்கை பார்த்தா கற்றுக்கொண்டேன் என்று நினைத்தாய்?

இவர் தொப்பியோடு தூங்குகிறார். மகன் கலிஃபோர்னியாவில் இருக்கிறான், அவனிடம் சொல்லவில்லை. இவர் சொல்ல விடவில்லை.

யாரோ ஒரு மினசோட்டாக்காரிக்கு எவரார்டோ மாமாவின் சாக்ஸைக் கொடுத்தாய் என்று எழுதினாய். படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பொறாமை வந்தது. முன்பின் தெரியாதவளுக்கு உன் சமையலறையில் இடம். உன் தங்கச்சிக்கு அறுபத்தேழு, அறுபத்திரண்டு, அறுபத்தேழு.

தோப்பை விற்றால் எங்களுக்கு இன்னொரு குளிர்காலம் தாண்டும். அதற்காகத்தான் கேட்டேன். இப்போது கேட்கவில்லை. உன் நாரத்தையை நீயே கட்டிக்கொண்டு பாடு.

ஓஃபேலியா

•

எல்சா
1984 மார்ச் 29

அடியே,

இதைச் சொல்ல உனக்கு ஒன்றரை வருஷமா? பாய்லர் இல்லாமல் சாகக் கிடந்துகொண்டு எனக்குக் "கோபப்படாமல் படி" என்று எழுதுகிறாய்! இதுவும் என் கணக்கில் ஏறிவிட்டது. அறுபத்திரண்டு, அறுபத்தேழு, எண்பத்துநாலு. சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன்.

இப்போது கேள். கையெழுத்துப் போட மாட்டேன், அதில் மாற்றமில்லை. விற்ற காசில் உங்களுக்கு ஒரு குளிர்காலம் தாண்டும் என்கிறாய். அதற்கு அடுத்த குளிர்காலத்தில் எதை விற்பாய்? ஹாட்லியிடம் போய்ப் பாதி டிரெய்லரைத் திருப்பிக் கேட்பாயா?

தோப்பு சாகவில்லை. தலை போயிருக்கிறது, வேர் முழுசாக இருக்கிறது. இருபது வருஷத்து வேர். அப்பா அன்றைக்குப் பிடுங்கி எறிந்ததை நான் பிடுங்கப் போவதில்லை. இன்னொன்று, நேற்று கன்று வரிசையின் மண்ணை விலக்கினேன். ஒட்டுக்கு மேலே பச்சை. இந்தத் தடவை கசக்கி மோந்துவிட்டுத்தான் கத்தினேன், நம் வாசனைதான். கோடைக் கடைசியில் அதிலிருந்து மொட்டு எடுத்து நாரத்தைச் சிம்பில் ஒட்டினால் தோப்பு திரும்பிவிடும்.

யார் ஒட்டுவது என்பதுதான் கேள்வி. எனக்கு வராது. நான் ஒட்டினால் பாதி காய்ந்துவிடும், சிப்ரியானோவுக்குக் கை நடுங்குகிறது. அப்பா உன்னைத்தானே மடியில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்? என்னை மண் சுமக்க அனுப்பினார். (அதையும் நான் மறக்கவில்லை.)

பாதித் தோப்பு உன்னுடையது. வந்து உன் பாதியை ஒட்டு. என் பாதியையும் ஒட்டு.

உன் வீட்டுக்காரருக்கு வேலை இருக்காதே என்று நினைக்காதே. இந்த ஊரில் வெடிக்காத குழாய் ஒன்று கிடையாது. அவரை மாதிரி இரும்பைப் பற்றவைத்து ஒட்டத் தெரிந்த ஆளை ஜனங்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஹாட்லி நேற்றுக்கூட என்னிடம் வந்து, "யாராவது தெரியுமா அம்மா?" என்று கெஞ்சினான். தெரியும் என்றேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். இனி நீ வராவிட்டால் நான் பொய்க்காரி ஆவேன், அதற்கு நீதான் பொறுப்பு.

உனக்கு வடக்குப் பக்கத்து அறை. மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதவில்லை, நன்றாகத் தேடிப் பார், எங்கேயும் இல்லை. அறை இருக்கிறது, சோறு இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறேன்.

ஹெர்லிண்டா

•

சிகாகோ
1984 ஏப்ரல் 6

அக்கா,

நீ கட்டளை போட்டதற்காக வரவில்லை. இவர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தன் கருவிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். ஒன்றரை வருஷமாக அந்தப் பெட்டியை அவர் திறக்கவே இல்லை. அதற்காக வருகிறேன்.

என் நிபந்தனைகளைக் கேட்டுக்கொள். ஊர் முன்னால் இவரை "வேலை போனவர்" என்று சொல்லக் கூடாது. வடக்குப் பக்கத்து அறை வேண்டாம், வடக்கை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன், சமையலறைக்குப் பக்கத்து அறையைக் கொடு. ஒட்டுக்கத்தியை நீ தொடக் கூடாது, உன் பாதியாக இருந்தாலும் சரி. நான் வரும் வரைக்கும் சிம்புகளை யாரும் வெட்ட வேண்டாம். எதை வைத்து எதைக் கழிப்பது என்று நான் பார்த்துச் சொல்கிறேன். அவை பென்சில் தடிமன் ஆனதும் ஆரம்பிப்போம்.

அறுபத்தேழைப் பற்றி நேரில் பேசுவோம். பதினேழு வருஷமாகத் தபாலில் திட்டு வாங்கிவிட்டேன், என்னிடமும் பதில் நிறைய இருக்கிறது. உட்கார்ந்து கேட்க உனக்குத் தெம்பு இருக்க வேண்டும், நன்றாகச் சாப்பிடு.

ஹாட்லிக்கு நானே எழுதிப் போட்டுவிட்டேன். நிலம் விற்பனைக்கு இல்லை, குழாய்க்கு ஆள் வருகிறது, பாதிக் கூலி முன்னால் கொடுக்க வேண்டும் என்று.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ். கட்டிலையும் ஹீட்டரையும் மேல்மாடிக்காரிக்குக் கொடுத்தாச்சு, வீட்டுச் சாவியைக் கிளம்புகிற அன்றைக்குக் கொடுக்கிறோம்.

இதற்குப் பதில் போடாதே. போட்டால் வாங்க இங்கே ஆள் இருக்காது.

ஓஃபேலியா